நாந்தானுங்க

மே 5, திங்கள்

அன்றன்று சாதித்ததை எழுதி வை, ஆறு மாதத்தில் உன்னைப் பார்த்து நீயே அசந்துபோவாய் என்று பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். நான் எழுதியதில்லை. நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். இன்று முதல் எழுதப் போகிறேன்.

காரணம் இருக்கிறது. கட்டட ஓனர் மாதக் கடைசியில் என் மையம் இருக்கும் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். கீழே பேட்டரிக் கடை வைத்திருப்பவரே மாடியையும் எடுத்துக்கொள்கிறாராம். ஈரோட்டில் 'முன்வரிசை' ஆளுமைப் பயிற்சி மையம் என்றால் பெருந்துறை ரோட்டில் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இனி அங்கே இன்வெர்ட்டர் அடுக்குவார்கள். வேறு இடம் பார்க்கலாம்தான். ஆனால் இந்த முறை சேர்ந்ததே ஏழு பேர். எல்லாப் பயல்களும் மொபைலைப் பார்த்துவிட்டே இன்டர்வியூவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆக, எனக்கு ஒரு வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் திருப்பூரில் என் மச்சினருடைய பனியன் கம்பெனிதான். "எப்ப வேணா வாங் மாப்ள, உங்குளுக்கு ஒரு சேரு போட்டுத் தாரன்" என்று பொங்கலுக்குப் பொங்கல் சொல்லுவார். அந்தச் சேரை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிற்காலத்தில் யாராவது இந்த டைரியைப் படிக்கக்கூடும் என்பதால் என் முறையைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். நம் கொங்குச் சனங்களுக்கு வாயைத் திறந்தால் 'ங்க'. பேர் என்ன? தினேசுங்க. என்ன படிச்சிருக்கே? பி.இ.ங்க. வேலை தெரியுமா? ஏதோ கொஞ்சம் தெரியுமுங்க. இப்படிக் கும்பிடு போட்டுக்கொண்டே பேசுகிறவனுக்கு எவன் வேலை தருவான்? அதனால் என் முதல் பாடமே, பேச்சில் 'ங்க' வரக் கூடாது. இரண்டாவது பாடம், எதைச் சொன்னாலும் 'நான்' என்று ஆரம்பி. 'ங்கவை வெட்டு, நானை நடு' என்று மையத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. கருத்து என்னுடையது. எழுதியது துளசிமணி.

துளசிமணி என் மனைவி. மையத்தில் கூடமாட இருப்பாள்.

இன்றைய சாதனை: ஏழு பேருக்குக் கண்ணைப் பார்த்துப் பேசப் பயிற்சி அளித்தேன். மையத்துக்குக் கரண்ட் பில் கட்டினேன். அதாவது துளசிமணி கட்டினாள். நான் சொல்லித்தான் கட்டினாள்.

மே 7, புதன்

சென்னிமலை போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே பிளேஸ்மென்ட் ஆபீசர் வேண்டுமாம். பிள்ளைகளை இன்டர்வியூவுக்குத் தயார் பண்ண வேண்டும், கம்பெனிகளைக் கல்லூரிக்கு வரவைக்க வேண்டும். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை.

தகவல் சொன்னவள் லோகேஸ்வரி. எங்கள் மையத்தின் பழைய மாணவி, இப்போது அந்தக் கல்லூரியிலேயே எச்.ஆர். முதல் நாள் வந்தபோது பேர் கேட்டால் அழுவாள். நான் உருவாக்கிய பெண் என்று எல்லா அறிமுகக் கூட்டத்திலும் அவள் போட்டோவைக் காட்டுவேன். போனை எனக்குப் போடாமல் துளசிமணிக்குப் போட்டிருக்கிறாள். குருவிடம் நேராகப் பேசக் கூச்சம். நல்ல பெண்.

"ஏனுங்க, பதினஞ்சாம் தேதி இன்டர்வியூவாம்ங்க. லோகு சொல்லுச்சு" என்றாள் துளசிமணி.

"லோகேஸ்வரி என்னைப் பத்தி என்ன சொல்லுச்சு?"

"உங்குளப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க. புதினாத் தொவையல் எப்படி அரைக்கறதுன்னு கேட்டுச்சு."

மே 8, வியாழன்

நாள் முழுக்க மோட்டார் ரிப்பேர். சாதனை ஒன்றும் இல்லை.

மே 10, சனி

பயோடேட்டா தயார். 'உங்கள் பலங்கள்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிள்ளைகளை ஐந்தே நிமிடத்தில் எழுதவைத்துவிடுவேன். எனக்கு எழுத உட்கார்ந்தபோது பேனா மக்கர் செய்தது. பேனாவை மாற்றினேன். பிறகு கடகடவென்று வந்தது.

'நான் முந்நூறு பேருக்கு மேல் வேலை வாங்கிக் கொடுத்தேன். நான் கொங்குப் பகுதியில் முக்கியமான கம்பெனிகள் அனைத்துடனும் நெருங்கிய தொடர்பு வைத்திருக்கிறேன். நான் ஆங்கிலத்தைக் கண்டாலே நடுங்கிய கிராமத்துப் பிள்ளைகளைச் சரளமாகப் பேசவைத்தேன். நான் மனம் உடைந்த மாணவர்களை மீட்டெடுத்தேன்.'

நான்கு வாக்கியத்திலும் 'நான்' இருக்கிறது. 'ங்க' ஒன்றுகூட இல்லை. துளசிமணியிடம் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னேன். அடித்தாள். படித்துப் பார்த்தாளா தெரியவில்லை. 'நெருங்கிய' என்பதில் ஒற்று விட்டிருந்தேனாம், அதைத் திருத்தியிருந்தாள்.

மே 13, செவ்வாய்

வீட்டிலேயே ஒத்திகை பார்த்தோம். துளசிமணிதான் கல்லூரிச் சேர்மன். அடுப்படியில் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்க பலம் என்னங்க?"

"சேர்மன் 'ங்க' போட மாட்டார்."

"சரி. உங்க பலம் என்ன?"

"நான் முந்நூறு பேருக்கு மேல் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்."

"எப்படி?"

நான் நிறுத்திவிட்டேன். இன்டர்வியூவில் யாரும் 'எப்படி' என்று கேட்பதில்லை. பலத்தைச் சொன்னால் தலையை ஆட்டுவார்கள், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதுதான் முறை. இதை அவளுக்கு விளக்கினேன்.

"கேட்டாங்கன்னா?"

"கேட்க மாட்டாங்க."

"இல்லீங்க, கேட்டாங்கன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ வெங்காயத்தைப் பார், நானே கண்ணாடி முன்னால் நின்று பேசிக்கொள்கிறேன் என்று எழுந்துபோய்விட்டேன். கண்ணாடி 'எப்படி' என்று கேட்கவில்லை. ஒத்திகை மிகச் சிறப்பாக அமைந்தது.

மே 15, வியாழன்

இன்டர்வியூ முடிந்தது. நன்றாகவே போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் நாலைந்து பேர். உள்ளே சேர்மன் பொன்னுரங்கம், பக்கத்தில் லோகேஸ்வரி. சேர்மன் நூல் மில் நடத்திக் கல்லூரி கட்டியவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேசையில் ஒரு சொம்பு மோர்.

"வாங்க தம்பி, உக்காருங்க. சாப்புட்டீங்ளா?"

"சாப்பிட்டேன்."

என் முறைப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, 'ங்க' இல்லாமல் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. லோகேஸ்வரி பக்கம் திரும்பி, "இவருமா அம்மணி?" என்றார். அவள் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி, நாலஞ்சு வருசமா நம்ம காலேஜுக்கு வேலைக்கு வாரவங்க அத்தனை பேரும் இப்படித்தான் வெடுக்கு வெடுக்குன்னு பேசறாங்க. வாங்கன்னா வந்தேங்கறான். சாப்புட்டீங்ளான்னா சாப்பிட்டேங்கறான். எங்கப்பன் ஆத்தா காலத்துல இல்லாத பழக்கம். எவனோ ஒருத்தன் கடை போட்டுச் சொல்லித் தாரான்னு நெனைக்கறன். ஆளு சிக்குனா ரெண்டு வார்த்தை கேக்கோணும்."

நான் தண்ணீர் குடித்தேன்.

"சரி, உங்க பலவீனம் என்னங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. நானே யோசித்து உருவாக்கியது, மையத்தின் முத்திரைப் பதில். "எடுத்த வேலையை முடிக்காமல்..." என்று ஆரம்பித்தேன்.

"...என்னால் உறங்க முடியாது, அதுவே என் பலவீனம்" என்று சேர்மன் முடித்தார். "இந்தக் காலேஜுக்கு வேலை கேட்டு வாரவன் ஒருத்தனும் தூங்கறதில்லீங்க தம்பி. எங்க வாட்ச்மேன் ஒருத்தருதான் நல்லாத் தூங்கறாரு."

லோகேஸ்வரிக்கு இருமல் வந்துவிட்டது. ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை போல.

பிறகு பலத்துக்கு வந்தார். முந்நூறு பேர் என்றேன். "அடேங்கப்பா!" என்றார். எனக்குத் தெம்பு வந்தது. அடுத்து, ஒரு வார்த்தை கேட்டார்.

"எப்படீங்க?"

துளசிமணி வாய் வைத்தது அப்படியே பலித்துவிட்டது.

"நான் கம்பெனிகளுடன் நெருங்கிய தொடர்பு வைத்திருக்கிறேன்."

"அதுதாங்க, எப்படீங்க? எங்க ஆபீசுல இருந்து போன் பண்ணுனா ஒரு கம்பெனிக்காரன் எடுக்க மாட்டேங்கறானே?"

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "மத்தியானம் சாப்பாடு முடிஞ்ச கையோட கூப்பிடணும். அப்பத்தான் நல்ல மூடில் இருப்பாங்க. பையனுக்குக் காய்ச்சல்னு போன மாசம் சொல்லியிருந்தா, முதல்ல அதைக் கேட்கணும். வேலையைப் பத்தி அவங்களாகவே பேச்செடுப்பாங்க."

சேர்மன் முன்னால் சாய்ந்தார். "இது பேச்சு! நீங்க இதை எங்கீங்க கத்துக்கிட்டீங்க?"

நான் எந்தக் கம்பெனிக்கும் போன் பேசியதில்லை. எனக்குப் போனில் பேசினால் நாக்கு உலர்ந்துவிடும். ஆனால் என் மனைவிதான் பேசுவாள் என்று சொன்னால் ஒரு நிறுவனத்துக்கு என்ன மரியாதை? "என் தொடர்பு அலுவலர் இதைப் பார்த்துக்கொள்கிறார்" என்றேன்.

"பேருங்க?"

"துளசி."

"இங்கிலீசு?"

"அது மொழிப் பிரிவு. பிள்ளைகளைப் படிக்கட்டில் உட்காரவைத்து, காலையில் என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தது, உப்பு இருந்ததா என்று தினமும் ஆங்கிலத்தில் பேசவிடுவார்கள். தப்பாகப் பேசினால் சிரிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. பத்து நாளில் பயம் போய்விடும்."

"இதாருங்க சொல்லித் தாரது?"

துளசி என்ற பெயர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. "மணி மேடம்" என்றேன்.

சேர்மன் இரண்டு பேரையும் குறித்துக்கொண்டார். மோரை ஒரு மடக்குக் குடித்தார். "அப்ப நீங்க என்னங்க பண்றீங்க?"

"நான் வழிநடத்துகிறேன்."

"நல்லதுங்க" என்றார்.

வெளியே வரும்போது லோகேஸ்வரி என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சேர்மன் முன்னால் பாரபட்சம் காட்டக் கூடாது அல்லவா.

இன்றைய சாதனை: கேள்விகள் அனைத்துக்கும் பதிலளித்தேன்.

மே 16, வெள்ளி

எல்லாம் அருமையாகப் போயிற்று என்று துளசிமணியிடம் சொன்னேன்.

"'எப்படி'ன்னு கேட்டாங்களா?"

"கேட்டார்."

"சொன்னீங்ளா?"

"சொன்னேன்."

அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்ளா, நாந்தான் சொன்னனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தோசையைத் திருப்பிக்கொண்டே, "என்னைய பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றாள்.

"உன்னைப் பத்தி எதுக்குக் கேட்கிறாங்க?"

"அதுஞ்சரிதான்" என்றாள்.

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன். பசியில்லை. வெயில் ஜாஸ்தி.

மே 19, திங்கள்

லோகேஸ்வரி போன் செய்தாள். இந்த முறை எனக்கே.

"சார், சேர்மன் ஐயா துளசியையும் மணி மேடத்தையும் பாக்கோணுங்கறாருங்க. துளசிக்குப் பிளேஸ்மென்ட் ஆபீசர், மணி மேடத்துக்கு இங்கிலீஷ் ட்ரெயினர். இந்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொன்னாருங்க."

"எனக்கு?"

"உங்களுக்குச் சொல்லி அனுப்பறோம்னு சொல்லச் சொன்னாருங்க."

'சொல்லி அனுப்புகிறோம்' என்றால் என்ன அர்த்தம் என்று நானே வகுப்பில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன்.

துளசி என்கிற பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், மணி மேடம் ஓய்வுபெற்றுவிட்டார் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாய்வரை வந்தும்விட்டது. அதற்குள் அவள், "சார், எனக்குத் தெரியுமுங்க, ரெண்டும் அக்காதானுங்களே" என்றாள்.

"சேர்மன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லீங்க. அதை நீங்க அக்காகிட்டச் சொல்லி, அக்கா வந்து சொல்லட்டுமுங்க. நான் அக்காகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

"லோகேஸ்வரி, நீ என்கிட்ட படிச்ச பொண்ணு..."

"உங்ககிட்டச் சேந்தனுங்க சார். அக்காகிட்டப் படிச்சனுங்க."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்! ஒரு வார்த்தையிலும் 'ங்க' குறையவில்லை. இந்தப் பெண்ணிடம் என் முறை ஏறவே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. வேலை மட்டும் எப்படியோ கிடைத்திருக்கிறது.

மே 20, செவ்வாய்

துளசிமணியிடம் சொல்லவில்லை. தலைவலி.

மே 21, புதன்

மையத்தைக் காலி செய்ய ஆரம்பித்தோம். நாற்காலிகளை டெம்போவில் ஏற்றினோம். சுவரில் எழுதியதை என்ன செய்வது என்று பேட்டரிக் கடைக்காரர் கேட்டார். சுண்ணாம்பு அடித்துவிடுங்கள் என்றேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்தோம். பிள்ளைகளை உட்காரவைத்து உப்பு இருந்ததா என்று கேட்கும் அதே படிக்கட்டு. வெள்ளிக்கிழமைச் சேதியை இன்று சொல்லிவிடலாம் என்று நான்கு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை டெம்போக்காரர் வந்தார். மற்ற மூன்று தடவையும் யாரும் வரவில்லை. வந்திருக்கலாம்.

அப்போது அவளாகவே பேசினாள். "ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்ளா?"

"சொல்லு."

"நேத்து திருப்பூர் அண்ணங்கிட்டப் பேசுனனுங்க. நான் கம்பெனிக்கு வாரன்னு சொல்லிட்டன். பீஸ் செக்கிங். உக்காந்து பாக்கற வேலைதான். தெனம் பஸ்ஸுல போயிட்டு வந்துக்கறன். நீங்க அங்க போயி மொகஞ்சுண்டி உக்காரண்டாமுங்க. உங்களுக்கு அது ஆகாது. நல்ல வேலை வார வரைக்கும் நான் பாத்துக்கறன்."

வெட்கமாக இருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன், வெட்கம்தான். இவளுக்கு வந்த வேலையை இரண்டு நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். இவள் எனக்காகப் பனியனில் ஓட்டை பார்க்கப் போகிறாள்.

சொல்லிவிட்டேன். சேர்மன், மோர், துளசி, மணி மேடம், எல்லாவற்றையும்.

முதலில் சிரித்தாள். "என்னைய ரெண்டாப் பொளந்துட்டீங்ளா?" என்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏனுங்க, ரெண்டு பொய்ப் பேரு சொல்ல வாய் வந்துச்சு. என்ற பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்ல வரலீங்களா?"

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மீதி நாற்காலிகளை அவளே தூக்கிக்கொண்டு போனாள். நான் தூக்க வந்தபோது விடவில்லை.

இன்றைய சாதனை:

மே 22, வியாழன்

காலையிலிருந்து பேச்சு இல்லை. மாவு அரைத்தாள், துணி துவைத்தாள், பீரோவைத் திறந்து ஒரு புடவையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பதினோரு மணி வாக்கில் சமையலறைக்குப் போய், "உனக்கு ஒத்திகை வேண்டாமா?" என்றேன்.

"நான் எங்கீங்க போறன்? எனக்கு அந்த மாதிரி எடத்துல பேச வராது."

"வரும். உட்கார். நான்தான் சேர்மன். உங்க பலம் என்ன?"

"எனக்கென்னங்க பலம்? அவங்க மையம் வெச்சிருந்தாங்க, நான் சும்மா கூடமாட இருந்தனுங்க."

"'அவங்க' வேண்டாம். நான் என்று ஆரம்பி."

"நான்... சும்மா கூடமாட இருந்தனுங்க."

எனக்கு வந்ததே கோபம்! என்ன சும்மா, யார் சும்மா என்று கத்தினேன். வாட்ச் கம்பெனி எச்.ஆர். மூன்று வருடம் போனை எடுக்காமல் இருந்தானே, அவன் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இட்லி கட்டிக்கொண்டு போனது யார், சும்மாவா? அதற்கப்புறம் வருடா வருடம் நம் பிள்ளைகளை அவன் எடுக்கிறானே, அது சும்மாவா? மொடக்குறிச்சிப் பையன் மூன்று இன்டர்வியூவில் தோற்றுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தானே, அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் அம்மாவோடு அவரைக்காய் ஆய்ந்தபடியே அவனை வெளியே வரவைத்தாயே, நான் அங்கே என்ன செய்தேன்? பைக்கில் உட்கார்ந்திருந்தேன். லோகேஸ்வரி பேர் கேட்டால் அழுவாளே, அவளிடம் பேரைக் கேட்காதே, அவள் பூனையின் பேரைக் கேள் என்று யார் சொன்னது? எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை பொருந்தும் என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவதைப் பார்த்தே சொல்வாயே, எத்தனை தடவை தப்பியிருக்கிறது? ஒரு தடவையாவது?

மூச்சு வாங்கியது. இத்தனை வருடத்தில் எந்த வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. குறிப்பு இல்லை, கண்ணாடி இல்லை, எங்கேயும் நாக்கு உலரவில்லை.

துளசிமணி கையில் கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இதெல்லாம் உங்குளுக்குத் தெரியுமுங்களா?"

தேங்காய் போட்டு வைத்திருந்த மிக்சியை ஓட்டினேன். அது ரொம்பச் சத்தம் போடும் மிக்சி.

மே 23, வெள்ளி

பீரோவில் பார்த்துவிட்டு வைத்த அதே புடவையைக் கட்டிக்கொண்டாள். மாம்பழ நிறம். ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நிஜமாகவே நன்றாகத் தூங்குகிறார்.

போகும்போது கடைசியாக ஒரு அறிவுரை சொல்லலாம் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சாப்பிட்டீங்ளான்னு கேட்பார்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்தவள் நேராக வண்டியில் ஏறிக்கொண்டாள். பாதி வழியில் இளநீர்க் கடையில் நிறுத்தச் சொன்னாள். அங்கேதான் சொன்னாள்.

உள்ளே போனதும் சேர்மன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம். "நீங்க துளசிங்களா? மணி மேடம் வரலீங்களா?" என்றாராம்.

"துளசியும் நாந்தானுங்க. மணியும் நாந்தானுங்க."

சேர்மனுக்குப் புரியவில்லையாம். ஆதார் கார்டில் முழுப் பேரைக் காட்டியிருக்கிறாள். அப்படியே நாற்காலியில் சாய்ந்து சிரித்தாராம். "அப்ப அந்த வழிநடத்தறவரு?" என்றாராம்.

"நீ என்ன சொன்னே?"

"என்ற ஊட்டுக்காரருங்கன்னு சொன்னன்."

ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்லியிருக்கிறாள். நான் அதே அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லாதது. என் இளநீரையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

"ரெண்டு பேரு வேலையும் நீங்களே பாத்தா ரெண்டு சம்பளம் கேப்பீங்ளேம்மான்னு கேட்டாருங்க."

"அதுக்கு?"

"கேக்கறனுங்கன்னன்."

ஒன்றரைச் சம்பளத்துக்குச் சம்மதித்தாராம். ஜூன் இரண்டாம் தேதி வேலையில் சேர வேண்டும்.

வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லே மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. நாந்தானுங்க. முன்னால் 'நான்' இருக்கிறது, பின்னால் 'ங்க' இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. பதினைந்து வருடமாக ஒன்றை வெட்டினால்தான் இன்னொன்று முளைக்கும் என்று சுவரில் எழுதி வைத்திருந்தேன். நல்லவேளை, சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

மே 27, செவ்வாய்

மச்சினர் போன் செய்தார். துளசிமணி வராவிட்டால் போகிறது, சேர் காலியாகத்தான் இருக்கிறதாம். "மாப்ள, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்குளுக்கு என்ன வேலை நல்லாத் தெரியுமுங்க?" என்று கேட்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நிஜமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

காலையில் அரிசிம்பருப்பு நான்தான் செய்தேன். அடி பிடித்துவிட்டது. மேலாக எடுத்து டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தேன். வாசனை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க" என்றாள் துளசிமணி. இதுதான் அவள் முறை. தப்பைத் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. பத்து நாளில் எனக்கும் பயம் போய்விடும்.

கல்லூரி பஸ் தெருமுனைக்கே வந்தது. படியில் ஏறித் திரும்பிப் பார்த்து, "வாரனுங்க" என்றாள். கையை ஆட்டினேன். பஸ் திரும்பும்வரை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன், பால்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். "துளசி இல்லீங்களா?" என்றார். பதில் சொன்னேன். உள்ளே போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று காதில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பற்றி நான் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை. போயிருக்கா, வருவா, சொல்லுவா, அவ்வளவுதான்.

இன்றைய சாதனை: நான் ஒருவரை வேலைக்கு அனுப்பி வைத்தேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னதையே எழுதுகிறேன். எழுத்தில் பேச்சு வழக்கு வரக் கூடாதுதான், பரவாயில்லை.

துளசிமணி வேலைக்குப் போயிருக்காங்க.